பாதி சார்ஜ்

எங்கள் புல்வெட்டி வண்டி என் ஷெட்டில் நின்றது. அதன் ஆறு பேட்டரிகளும் பக்கத்து வீட்டு இராசநாயகத்திடம் இருந்தன. கேள்விப்படுகிறவர்கள் ஏதோ பாகப்பிரிவினைத் தகராறு என்று நினைப்பார்கள். அப்போது தகராறு எதுவும் இல்லை. குளிர்தான் காரணம்.

நியூசிலாந்தில், அதுவும் ஆக்லாந்தில் என்ன பெரிய குளிர் என்று ஹில்ஸ்பரோக்காரர்கள் கேட்பார்கள். கடல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். நாங்கள் இருப்பது குமியூ. நகரத்தின் வடமேற்கு ஓரம், பள்ளமான இடம். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், மிதித்தால் நொறுங்கும். என் ஷெட்டோ தகர ஷெட். பேட்டரி வண்டியை வெட்டுவதில் குறை சொல்ல முடியாது, குளிரைத்தான் அது தாங்காது. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறாது. சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் குளிர்காலம் வந்ததும் ஆறு பேட்டரிகளையும் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். என் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒற்றை ஆளுக்காக ஹீட்டர் போட எனக்கு மனம் வருவதில்லை. இராசநாயகத்தின் வீட்டில் அவர் மனைவி வசந்தமலர் இருந்தார். அவர் இருக்கும் வீடு கதகதப்பாக இருக்கும்.

என் பெயர் தண்டபாணி. வயது ஐம்பத்தெட்டு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. என் மனைவி கண்மணி, மகள் சிந்துவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சொல்லி மெல்பர்ன் போனாள். இது மூன்றாவது வருஷம். நடுவில் இரண்டாவது குழந்தையும் வந்துவிட்டது. அவள் மேல் கோபமே இல்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன். கோபம் உண்டு. ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கரில்தான் வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான் என்பதால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

இராசநாயகம் எனக்கு அறிமுகமானதே என் கெட்ட வாயால்தான். நான் வந்த புதிதில் ஒரு பழைய பெட்ரோல் வண்டி வைத்திருந்தேன். ஒருநாள் அது கிளம்ப மறுத்தபோது, சுற்றிலும் ஆளில்லை என்ற தைரியத்தில், எனக்குத் தெரிந்த அத்தனை வசவையும் அதன் மேல் கொட்டினேன். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "அதுக்கு இங்கிலீசு தான் விளங்கும், தம்பி" என்றது. அறுபத்தைந்து வயதிருக்கும், உயரமான மனிதர், கையில் பிளாஸ்க். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருப்பவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறு வருஷம் அந்தப் பெட்ரோல் சனியனைத் தள்ளிவிட்டு நாங்கள் இருவருமாகக் காசு போட்டு, உட்கார்ந்து ஓட்டுகிற பேட்டரி வண்டி ஒன்றை வாங்கினோம். வேலியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் சங்கிலி மாட்டினோம். சனிக்கிழமை காலையில் அவர் வருவார். என் பக்கத்தை அவர் வெட்டுவார், அவர் பக்கத்தை நான் வெட்டுவேன். ஏன் அப்படி என்று கேட்டால் இருவருக்கும் பதில் தெரியாது. முடிந்ததும் ஷெட் வாசலில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்போம், மத்தியானம்வரை பேசுவோம். மற்ற ஆறு நாளும் நான் பேசுவது திரையில் தெரியும் முகங்களோடு, அதுவும் வேலை பற்றி. வாரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான் என்றால் மிகையில்லை.

மே மாதக் கடைசியில் நிலம் சேறாகிவிடும். கனமான வண்டியை இறக்கினால் சக்கரம் புதைந்து குழி விழும். அதனால் ஆகஸ்ட் முடியும்வரை அதற்கு ஓய்வு. இந்த வருஷம் அந்தக் கடைசிச் சனிக்கிழமையில்தான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம் வந்தது. மூன்று மாதம் சும்மா வைக்கும் பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றி வைக்கக் கூடாது, பாதியில் விட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசு குறையும். கையேட்டில் படம் போட்டு எழுதியிருக்கிறது. போன குளிர்காலத்தில் அவர் ஆறையும் முழுக்க ஏற்றியே வைத்திருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஒரு புள்ளி இறங்கியிருந்தாலும் திரும்ப ஏற்றி. நான் கையேட்டைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன் என்று நினைக்கிறேன்.

அவர் கையேட்டை வாங்கி மூடி வைத்துவிட்டு, ஒரு விஷயம் சொன்னார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வசந்தமலருக்கு முதல் பிரசவம். ஊரடங்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் போனால் என்ன செய்வது என்று, எங்கெங்கோ அலைந்து ஒரு கார் பேட்டரியைப் பிடித்துச் சார்ஜ் போட்டு, ஒரு பல்பும் பூட்டி வைத்திருந்தார். பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று, அதே பேட்டரியில் ரேடியோவைக் கொடுத்து ஐந்து இரவு செய்தி கேட்டார். சண்டை எதுவரை வந்திருக்கிறது என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. ஆறாம் இரவே வலி வந்துவிட்டது. மருத்துவிச்சி வந்து அரை மணி நேரத்தில் பல்பு மங்கி அணைந்தது. மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில். ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பிழைக்கவில்லை.

"வெளிச்சம் இருந்திருந்தால் எண்டு மருத்துவிச்சி சொல்லேல்லை" என்றார். "ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன். றேடியோ கேட்ட விசயம் வசந்தமலருக்குத் தெரியாது. பழைய பற்றரி, இறங்கிப்போட்டுது எண்டு சொல்லிப்போட்டன். உமக்குத்தான் முதல் முதல் சொல்லுறன்."

டீயை ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஆறு பேட்டரிகளையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். பாதியோ முழுசோ, அவர் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதானம். என்னையும் தங்கள் காரிலேயே அழைத்துப் போனார்கள். வசந்தமலர் அக்கா பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொண்டார். நாங்கள் ஆண்கள் ஏழெட்டுப் பேர் நீண்ட மேஜையில் உட்கார்ந்தோம். இராசநாயகம் எனக்கு எதிரில். சதாசிவம் என்று ஒருவர், புதிதாக எங்கள் பக்கம் நிலம் வாங்கியிருக்கிறவர், பேட்டரி வண்டி குளிர்காலத்துக்குச் சரிப்படுமா என்று என்னிடம் கேட்டார்.

அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். ஐந்து டிகிரி, சிவப்பு விளக்கு, சேறு, சக்கரம், பாதி சார்ஜ். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்து நான் சொல்வதைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஒரு சின்ன வேடிக்கை சொன்னேன், சிரித்தார்கள். இன்னொன்று சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். குடித்தவனைப்போல ஆகிவிட்டேன். பாதி சார்ஜா, நம் ஆட்கள் கேட்பார்களா என்று யாரோ கேட்டார்கள்.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க" என்று இராசநாயகத்தைக் காட்டினேன். "ஊர்ல கரண்ட் இல்லாத காலத்துல, அவசரத்துக்குன்னு சார்ஜ் போட்டு வச்ச கார் பேட்டரிய அஞ்சு ராத்திரி ரேடியோ கேட்டே தீத்த மனுஷன். அன்னையிலேர்ந்து ஃபுல் சார்ஜ் இல்லாம இவருக்குத் தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார், எவ்வளவு ஜாக்கிரதையாகச் சொன்னேன் என்று ஒரு கணம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். இராசநாயகம் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினேன். வசந்தமலர் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் பாயச வாளியோடு நின்றிருந்தார்.

என் கிண்ணத்தில் பாயசம் ஊற்றினார். அடுத்தவருக்கு ஊற்றினார். மேஜையின் கடைசிவரை ஒருவரையும் விடாமல் ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைத்து, கார் நிற்கும் பக்கம் நடந்தார். இராசநாயகம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவாமல் பின்னால் போனார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சதாசிவம் சார்ஜரைப் பற்றி ஏதோ கேட்டார், நானும் ஏதோ பதில் சொன்னேன். வெளியே வந்து பார்த்தபோது அவர்கள் கார் இல்லை. சதாசிவம்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் மகள் சோபனாவின் கார் வந்தது. அவள் நகரத்துக்குள்ளே, லின்ஃபீல்டில் இருக்கிறாள். வசந்தமலர் அக்கா ஒரு பெரிய பெட்டியோடு அதில் ஏறிப் போவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாலு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருவார் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க விரும்பினேன் என்பதுதான் சரி. நாலு நாள் போனது, நாலு வாரமும் போனது. அவர்கள் வீட்டுச் சுவரில் வெளியே பொருத்தியிருக்கும் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பெட்டியின் விசிறி சுற்றுவதே இல்லை. அந்த வீடும் என் வீட்டைப்போல ஆகிவிட்டது.

சனிக்கிழமைகளில் பழக்க தோஷத்தில் ஷெட்டுக்குப் போவேன். பேட்டரி இல்லாத வண்டியின் சீட்டில் ஏறி உட்கார்ந்து தனியாக டீ குடிப்பேன். ஸ்டீயரிங்கைத் தொட்டால் ஐஸ்போல இருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் ஓடாத வண்டியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். பார்க்க யார் இருக்கிறார்கள் என்றும் தோன்றும்.

கண்மணியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, நேரில் போய்க் காலில் விழுங்கள், மெசேஜ் கிசேஜ் போட்டுவிடாதீர்கள் என்றாள். மூன்று தடவை வேலிச் சங்கிலிவரை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்தேன். மெசேஜ்தான் போட்டேன், அதுவும் எதைப் பற்றி? "இன்று மைனஸ் ஒன்று வரை போகும் என்கிறார்கள். பேட்டரிகளைக் கார் ஷெட்டில் வைக்க வேண்டாம்." பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த உறைபனிக்கு இன்னொன்று போட்டேன். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவன் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. நான் மீட்டிங்கில் இருந்தேன். அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். இராசநாயகம் ஷெட் வாசலில் நின்றார். இளைத்திருந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ஆறும் இருக்கு" என்றார். "பாதியிலை விட்டிருக்கிறன். நீர் சொன்ன மாதிரி."

ஒரு பேட்டரியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். நாலு விளக்கில் இரண்டு எரிந்தது. அடுத்ததிலும் இரண்டு. ஆறிலும் இரண்டு. வண்டி என்னிடம் இருக்கும்போது சார்ஜை எப்படி இறக்கினார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். இதே பேட்டரியில் எரியும் வேலை விளக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பூட்டி ஹாலில் எரிய விட்டாராம், ஒரு பேட்டரிக்கு ஒரு பகல் என்று ஆறு பகல். பகலில் ஏன் என்று கேட்டேன்.

"இரவிலை எண்டால் நிப்பாட்ட மனம் வராது" என்றார்.

எனக்கு அங்கேயே உடைந்துவிட்டது. நான் பண்ணியது பெரிய தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். வாரக்கணக்காக ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. இப்போதே லின்ஃபீல்டுக்குப் போய் அக்காவிடம் நானே பேசுகிறேன் என்று உளறினேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கோபம் இருந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"என்னத்தைச் சொல்லப் போறீர்? அது பொய் எண்டோ?"

நான் கையிலிருந்த பேட்டரியை ஷெட்டுக்குள் வைத்தேன்.

"அவள் என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை. அண்டைக்குக் கோயில்லை இருந்து வரேக்கை, கார்லை ஒண்டே ஒண்டுதான் கேட்டவள். அந்த அஞ்சு நாளும் செய்தியிலை என்ன சொன்னவை எண்டு." அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை, தண்டபாணி. வீடு வந்து சேருமட்டும் யோசிச்சனான். இப்பவும் யோசிக்கிறன். ஒரு செய்தியும் ஞாபகம் இல்லை."

டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். வண்டி என்னோடேயே இருக்கட்டும், தனக்கு இனி அது தேவைப்படாது என்றார். சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்டேன்.

"உம்மிலை கோவமில்லை. ஆனா உம்மட குரலைக் கேட்டால் அந்தச் சிரிப்பும் சேர்ந்து கேக்குது. இனி என்னைக் கூப்பிடாதையும்."

காலித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். சங்கிலியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார். எப்போதும் அதை நான்தான் மாட்டுவேன். மீட்டிங்கில் என்னைத் தேடியிருக்கிறார்கள். நெட் போய்விட்டது என்று சொன்னேன்.

செப்டம்பரில் புல் ஒரேயடியாகக் கிளம்பியது. அவர் பக்கத்தை வெட்ட யாரோ ஒரு ஆள் டிரெய்லரில் பெட்ரோல் வண்டியோடு வந்தான். இருபது நிமிஷம், அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான். மரத்தடியெல்லாம் அப்படியே விட்டிருந்தான். நான் வெட்டினால் எலுமிச்சை மரத்தைச் சுற்றி இறங்கி நின்று கையால் வெட்டுவேன். ஜன்னலில் நின்று அதைப் பார்த்து எரிச்சல்பட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று புரிந்தாலும், பட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். ஆறு பேட்டரிகளையும் முழுக்க ஏற்றி, வண்டியில் மாட்டி, என் பக்கத்தை நானே வெட்ட ஆரம்பித்தேன். பேட்டரி வண்டி வந்த பிறகு என் நிலத்தை நானே வெட்டியது அதுதான் முதல் தடவை. எந்த இடத்தில் மேடு, எங்கே பள்ளம் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் எங்கே திரும்புவார், எங்கே பிளேடைத் தூக்குவார் என்று நினைத்து நினைத்து ஓட்டினேன். வேலி ஓரம் வந்தபோது அவர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சட்டை, ஒரு சாரம், ஒரு துண்டு. முதுகை எனக்குக் காட்டி நின்றார்.

வண்டியை நிறுத்தினேன். பழைய பெட்ரோல் வண்டியாக இருந்தால், அந்த இரைச்சலில் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். இது பேட்டரி வண்டி. பிளேடு நின்றதும் அவர் துணியை உதறும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் இருப்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது சட்டையை எடுத்தவர் அதைக் கொடியில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அண்ணே என்று என் வாய்வரை வந்தது. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன்.